கணக்கில் வராத எழுபத்தொரு சென்ரிமீற்றர்

போன மாதம் உங்களில் ஒருத்தி எனக்கு ரெலிபோன் எடுத்தாள். பேர்ணில் ஒரு அலுவலகத்தில் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுகிற பிள்ளை. "அன்ரி, ஸ்கானர் ஒரு அளவு காட்டுது. நான் கையால அளந்தா வேற அளவு வருது. நாளைக்குப் படம் குடுக்கவேணும். எதைப் போடுறது?" என்று கேட்டாள். இரண்டையும் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடச் சொன்னேன். "அப்பிடிக் குடுத்தா எனக்கு வேலை தெரியாதெண்டு நினைக்கமாட்டினமோ?" என்றாள்.

அவளுக்கு ரயில் வந்துவிட்டது. முழுப் பதிலையும் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் படவரைஞர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவள். லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் வருசக்கணக்காகக் கட்டில் விரித்தேன். அந்த நேரத்திலேயே டொச், அதாவது ஜேர்மன் மொழி, படித்தேன். முப்பத்தேழு வயதில் ஒரு சின்னக் கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபட வேலைக்குச் சேர்ந்தேன். அறுபத்துநாலு வயதில் அங்கேயே ஓய்வு பெற்றேன். இடையில் எத்தனையோ வீடுகள். முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருசம், ஃப்ரிபூர்க் பக்கம் ஒரு பழைய பண்ணைவீடு. புதிதாக ஒரு மாடிப்படி போடவேண்டும், அதற்கு நான் அளவெடுத்தேன். அலுவலகத்துக்கு வந்து கூட்டிப் பார்த்தால் நாலு சென்ரிமீற்றர் உதைத்தது. திரும்பப் போகிறதென்றால் ரயில், பஸ், அரை நாள். புதிதாக வந்தவள், பிழை விட்டேன் என்று சொல்ல வெட்கம். அந்த நாலையும் மூன்று சுவர்களுக்குப் பங்கு போட்டுக் கணக்கைச் சரியாக்கினேன். படம் வடிவாக இருந்தது. ஆரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு கிழமைக்குப் பிறகு பட்டறையில் செய்த படியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேல்படி தளத்தைத் தொடவில்லை. படி செய்த தச்சர் பிரெஞ்சு பேசுகிறவர், வயதானவர். அவர் சத்தம் போடவில்லை. இரண்டு விரலைச் சேர்த்து அந்த இடைவெளிக்குள் விட்டுக் காட்டிவிட்டு, தெரிந்த டொச்சில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நாலு சென்ரிமீற்றர் இங்க நிக்குது, மடாம். நீங்கள் இதை எங்க கொண்டுபோய் வைச்சனீங்கள்?"

ஏசியிருந்தால் மறந்திருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார். அவரை அதற்குப் பிறகு நான் காணவில்லை, பெயரும் தெரியாது. அன்றிலிருந்து சரிவராத அளவை நான் சரியாக்கியதில்லை. சிவப்பு வட்டம் போட்டு அப்படியே விடுவேன்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. லுசேர்ணிலிருந்து தபால் பஸ்ஸில் நாற்பது நிமிடம் போனால் வருகிற ஒரு கிராமம். கிறிஸ்தவக் கோயிலுக்குக் கீழே வீதியோரத்தில் சாம்பல் நிறப் பூச்சுப் பூசிய ஒரு இரண்டு மாடி வீடு. மழை அடிக்கிற பக்கச் சுவருக்கு மட்டும் ஓடு மாதிரி மரச்சில்லு பதித்திருந்தது. பார்த்தால் நூறு, நூற்றைம்பது வருசத்து வீடு மாதிரி. பாதுகாப்புப் பட்டியலில் அது இருக்கவில்லை. கடைசியாக இருந்த குடும்பம் போன பிறகு கெமைண்ட, அதாவது கிராம நிர்வாகம், அதை வாங்கியிருந்தது. இடித்துவிட்டு வாகனத் தரிப்பிடமும் தீயணைப்பு வண்டிக்கு ஒரு கொட்டிலும் போடுகிறதுதான் திட்டம். வெள்ளிக்கிழமை மாலை ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்பு. இடிக்கிறதுக்கு முதல் கோப்பில் வைக்க ஒரு வரைபடம் தேவைப்பட்டது, அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

தனியாகப் போய் இரண்டு நாள் லேசரால் அளந்தேன். வெளிநீளம் பதின்மூன்று மீற்றர் நாற்பத்திரண்டு. திங்கட்கிழமை மேசையில் இருந்து கூட்டினேன். மேல்மாடியில் அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் பதின்மூன்று நாற்பத்தொன்று. அருமையாகச் சரி. கீழ்மாடியில் பன்னிரண்டு எழுபத்தொன்று. எழுபத்தொரு சென்ரிமீற்றரைக் காணவில்லை.

கீழே பெரிய முன்னறை, அதற்கு அங்கால் குசினி, பிறகு ஒரு களஞ்சிய அறை. முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் வாசல் இல்லை. குசினிக்கு வெளியால் தனி வாசல். அதனால் அந்த நடுச்சுவரின் தடிப்பை நான் கண்ணால் பார்க்கவில்லை. கோப்பில் கிடந்த ஒரு பழைய கைப்படத்தில் பதினைந்து என்று இருந்ததை நம்பிப் போட்டிருந்தேன்.

எங்கள் ஷெஃப் மார்குஸ், அலுவலகத்தின் முதலாளி, நல்ல மனிசன். ஆனால் அந்தக் கிழமை அவருக்கு வேறு மூன்று வேலை தலைக்குமேல். என் படத்தை எட்டிப் பார்த்தார்.

"லேசர் எங்கயாவது பட்டுத் திரும்பியிருக்கும். எல்லாச் சுவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பங்கு போட்டுவிடும். இண்டைக்கே அனுப்பவேணும்."

"மேல்மாடி சரியா வருது. ஒரே வெளிச்சுவர், ஒரே லேசர். கீழ மட்டும் ஏன் பிழைக்குது?"

"அடுத்த மாதம் அந்த வீடே இருக்காது. ஆர் வந்து அளந்து பார்க்கப்போகினம்?"

"ஒருத்தரும் வரமாட்டினம். அதனாலதான் இப்ப சரியா அளக்கவேணும். நாளைக்கு எனக்கு லீவு தாங்கோ. நான் என்ர நேரத்தில போறன்."

"புதன் மத்தியானத்துக்குள்ள படம் வேணும்" என்றுவிட்டுப் போனார்.

பயம் இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பிழை என்னுடையதாக இருக்கத்தான் கூடுதல் சாத்தியம். அப்படியென்றால் என் செலவில் போய் என் முட்டாள்தனத்தை நானே கண்டுபிடித்துக்கொண்டு வருவேன். அதையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

என் கணவருக்கு லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. திங்கள் பின்னேரம் சாப்பிடும்போது கேட்டேன்.

"நாளைக்கு எனக்கு அளக்கிற ரேப் பிடிக்க ஒரு ஆள் வேணும். வாறீங்களோ?"

"என்ன வீடு?"

"இடிக்கப்போற வீடு."

"இடிக்கப்போற வீட்டை என்னத்துக்கு அளக்கிறீர்?"

"அதில எழுபத்தொரு சென்ரிமீற்றரைக் காணேல்ல."

ஒரு வாய் சோற்றைப் பிசைந்தார். "பஸ் எத்தினை மணிக்கு?" என்றார்.

அடுத்த நாள் லேசரை வீட்டில் வைத்துவிட்டு உருக்கு ரேப்பை மட்டும் கொண்டுபோனேன். நான் செய்தது இவ்வளவுதான். முன்னறை யன்னலின் ஓரத்திலிருந்து குசினி யன்னலின் ஓரம் வரைக்கும் வெளியால் அளந்தோம். பிறகு உள்ளே போய், அதே யன்னல் ஓரங்களிலிருந்து நடுச்சுவர் வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்தோம். வெளி அளவிலிருந்து உள் அளவுகளைக் கழித்தால் மிஞ்சுவது சுவரின் தடிப்பு. எண்பத்தாறு சென்ரிமீற்றர் வந்தது. திரும்ப அளந்தோம். எண்பத்தாறு.

எண்பத்தாறு சென்ரிமீற்றரில் கோட்டைக்குத்தான் சுவர் வைப்பார்கள். இது பலகை அடித்த அறைச்சுவர். பதினைந்தைக் கழித்தால் எழுபத்தொன்று. காணாமற்போன இடம் முழுவதும் அந்த ஒரு சுவருக்குள் நின்றது.

சுவரைத் தட்டிக்கொண்டு போனேன். எல்லா இடமும் ஒரே மாதிரிச் சத்தம். முன்னறை மூலையில் பச்சை ஓடு பதித்த பெரிய சூடாக்கும் அடுப்பு இருந்தது. என் கணவர் அதன் பக்கத்தில் முழங்காலில் இருந்து ரேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகத்தைப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இஞ்ச வாரும். இதை மணந்து பாரும்."

இரண்டு பலகைக்கு நடுவில் நகம் போகிற அளவு வெடிப்பு. அதனால் குளிர்ந்த காற்று வந்தது.

"தூசிதானே மணக்குது."

"இல்லை. இது புகை. விறகுப் புகையும் கொழுப்பும். எங்கட ஹோட்டலில இறைச்சி புகை போடுற பெட்டியைத் திறந்தா இந்த மணம்தான். உதுக்கங்கால ஒரு குசினி இருந்திருக்கு."

"குசினி அங்காலதான் இருக்கு. வெள்ளைச் சுண்ணாம்பு பூசின சுவர். மின்சார அடுப்பு."

"அதைச் சொல்லேல்ல. அதுக்கு முந்தின குசினி."

அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து வெடிப்புக்குள் வைத்துவிட்டார். ஒரு நெம்பு நெம்பினால் பலகை வந்திருக்கும். எனக்கும் ஆசைதான். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஆனால் அது எங்களுடைய வீடு இல்லை. அளக்கத்தான் எனக்கு அனுமதி, திறக்க அனுமதி இல்லை. நாங்களே உடைத்துத் திறந்தால், உள்ளே என்ன இருந்தாலும் அதற்குப் பிறகு ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். நாங்கள் உடைத்ததைப் பற்றித்தான் கதைப்பார்கள். "கத்தியை எடுங்கோ" என்றேன். அன்றைக்கு நான் எடுத்த முடிவுகளில் இதுதான் கஷ்டமானது.

கெமைண்டவின் வேலைகளைப் பார்க்கிற றூடிக்கு ரெலிபோன் எடுத்தேன். வீட்டுப் பூட்டின் திறப்பை அவரிடம்தான் வாங்கியிருந்தேன். தீயணைப்புப் படையிலும் அவர்தான் முக்கிய ஆள். அந்த வீடு போனால் வண்டிக்கு ஒரு கொட்டில் கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சுவருக்குள்ள எலிதான் இருக்கும்" என்றார். ஆனாலும் கிராமத் தலைவியிடம் கேட்டார். அந்த அம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தா. புதன் காலை, றூடி முன்னால், நாலே நாலு பலகை.

மார்குஸுக்கும் சொன்னேன். "நானும் வாறன்" என்றார்.

புதன் காலை றூடி ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தகரப் பேணிக்குள் போட்டார். மூன்றாவது பலகை வந்தபோது உள்ளே ஒரு மரக்கதவின் விளிம்பு தெரிந்தது. என் நெஞ்சு மட்டத்துக்குத்தான் உயரம். தாழ்ப்பாளுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை. றூடி அதைத் தூக்கியதும் கதவு தானாக உள்ளே சாய்ந்தது. மார்குஸ் குனிய மறந்து நெற்றியை அடித்துக்கொண்டார்.

உள்ளே ஒரு படிக்கட்டு. ஒன்பது படி. ஒவ்வொரு படியும் முழு மரத்தை முக்கோணமாகச் செதுக்கி வைத்தது. ஒரு ஆள் பக்கவாட்டில்தான் ஏறலாம். மேலே பலகை போட்டு மூடியிருந்தது. படியின் ஒரு பக்கம் பிற்காலத்துக் கல்சுவர். மற்றப் பக்கம் முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர். றூடியின் டோர்ச் வெளிச்சத்தில் அந்த மரங்கள் தார் பூசினது போல் கறுப்பாக மினுங்கின.

அப்போதுதான் முழு வீடும் எனக்கு விளங்கியது. புகைபோக்கி இல்லாத காலத்தில் நடு வீட்டில் திறந்த அடுப்பு எரிந்திருக்கிறது. கூரை வரைக்கும் புகை போய் அந்த மரங்களில் தலைமுறை தலைமுறையாகப் படிந்திருக்கிறது. பிறகு வந்தவர்கள் மேல்தளம் போட்டு, கல்சுவர் கட்டி, நடுவில் இந்தப் படியை வைத்தார்கள். அதற்கும் பிறகு வந்தவர்கள் படியையும் மூடிவிட்டு, வெளியே பூச்சுப் பூசினார்கள். நூற்றைம்பது வருச வீடு என்று நாங்கள் பார்த்தது வெறும் சட்டை.

றூடி அந்தச் சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் கறுத்தது. "என்ர அப்பா இந்த வீட்டிலதான் பிறந்தவர்" என்றார். "இப்பிடி ஒண்டு இருக்கெண்டு அவருக்கே தெரியாது."

வியாழக்கிழமை கன்டோனின், அதாவது மாகாண அரசின், பழங்கட்டடப் பாதுகாப்புப் பகுதியிலிருந்து ஒரு பெண் நிபுணர் வந்து மூன்று மணித்தியாலம் உள்ளே இருந்தா. மரத்தில் பென்சில் அளவு துண்டுகளைத் துளைத்து எடுத்தா. வெளியே வந்தபோது அவவின் முகம் முழுக்கக் கரி, கண் மட்டும் சிரித்தது. ஆனால் வயது கேட்டால் சொல்லவில்லை. "வளையங்களை எண்ணிப் பார்க்காமல் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். ரெண்டு மாதம் வேணும்" என்றா. வெள்ளிக்கிழமை அவவுக்கு வேறு இடத்தில் அலுவல். வாக்கெடுப்பை ஒத்திவைப்பது நல்லது என்று இரண்டு வரிக் கடிதம் மட்டும் தந்தா.

"அப்ப கூட்டத்தில ஆர் கதைக்கிறது?" என்று மார்குஸிடம் கேட்டேன்.

"கண்டுபிடிச்சது நீர்தானே."

"என்ர டொச்சோ? அவையள் ஊர்ப்பாசை கதைக்கிற ஆக்கள்."

"உம்மட டொச்சில கணக்குச் சொல்லும். அது போதும்."

வெள்ளிக்கிழமை மாலை, பாடசாலை உடற்பயிற்சி மண்டபம். கோடை காலம், வெளியே நல்ல வெளிச்சம். நூற்றைம்பது பேரளவில் இருந்தார்கள். நான் வாக்குரிமை இல்லாத விருந்தாளி, தலைவி அனுமதித்ததால் கதைக்கலாம். என் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்கள். சிவப்பு வட்டத்தோடு.

மேல்மாடிக் கணக்கைச் சொன்னேன், கீழ்மாடிக் கணக்கைச் சொன்னேன், படியையும் கறுத்த சுவரையும் படம் போட்டுக் காட்டினேன். ஒரு விவசாயி எழும்பினார்.

"எத்தினை வருசம் பழசு?"

பக்கத்தில் இருந்த றூடி, "ஐந்நூறெண்டு சொல்லுங்கோ" என்று குசுகுசுத்தார். மண்டபம் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்நூறு என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே வென்றிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அந்த ஃப்ரிபூர்க் படியும் எனக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

ஒரு முணுமுணுப்பு எழும்பியது. பின்னால் ஒருவர் சொன்னார்: "எழுபத்தொரு சென்ரிமீற்றருக்காக எங்கட தரிப்பிடத்தை விடவேணுமோ?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"விடச் சொல்லேல்ல" என்றேன். "ரெண்டு மாதம் பொறுக்கச் சொல்லுறன். நான் அளந்ததை மட்டும்தான் உங்களுக்குச் சொல்லலாம். அளக்காத ஒண்டை நான் இண்டைக்குச் சொல்லி, நாளைக்கு அது பிழையெண்டு வந்தா, இந்தப் படத்தில இருக்கிற ஒரு அளவையும் நீங்கள் நம்பமாட்டீங்கள். மரத்தின்ர வயதை மரம் சொல்லட்டும். அதுக்குப் பிறகு இடிக்கிறதெண்டா இடியுங்கோ. அப்ப தெரிஞ்சுகொண்டு இடிப்பீங்கள்."

கேள்வி கேட்ட விவசாயி தலையை ஆட்டிக்கொண்டு திரும்பக் கதிரையில் இருந்தார். அப்போது றூடி எழும்பினார். வண்டிக் கொட்டிலுக்காகத் திட்டத்தை முதலில் கேட்டதே அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். "வண்டி இன்னும் ரெண்டு மாதம் மழையில நிக்கட்டும். ஒத்திவைக்கச் சொல்லி நான் பிரேரிக்கிறன்" என்றார்.

கைகளை உயர்த்தச் சொன்னார்கள். வரிசை வரிசையாக எண்ணினார்கள். ஆதரவு தொண்ணூற்றொன்று, எதிர்ப்பு ஐம்பத்தெட்டு. மார்குஸ் என் தோளில் தட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஒன்பதாம் கிழமை நிபுணர் ரெலிபோன் எடுத்தா. அந்த மரங்களை வெட்டிய காலம் றூடி சொன்ன ஐந்நூறுக்கும் முந்தியது. பின்னேரம் என் கணவருக்குச் சொன்னபோது, எங்களுடைய கணக்கில் சொன்னேன்: "யாழ்ப்பாணத்தில எங்கட அரசர் இருந்த காலம்." அவர் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டார். "அப்ப நான் மணந்தது அந்தக் காலத்து இறைச்சியோ?" என்றார்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் வீட்டை வைத்திருக்கிறதென்று பெரும்பான்மையாக முடிவெடுத்தார்கள். தரிப்பிடம் பாற்கட்டி செய்கிற ஆலைக்குப் பின்னால் போனது, கொட்டிலும் அங்கேதான். திருத்த வேலை மூன்று வருசம் நடந்தது. அளவு வேலை முழுவதற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பழைய வீடு என்றால் கன்டோன்காரர் எங்கள் அலுவலகத்துக்குத்தான் எடுப்பார்கள். ஷெஃப்பைக் கேட்கமாட்டார்கள், என்னைக் கேட்பார்கள்.

உங்களிடம் இப்போது நல்ல கருவிகள் இருக்கின்றன. என்னிடம் இருந்ததைவிட நூறு மடங்கு. அவை எல்லா அளவையும் தரும், ஆனால் ஒன்று உதைக்கும்போது திரும்பப் போகிறதா, பங்கு போடுகிறதா என்பதை நீங்கள்தான் முடிவெடுக்கவேண்டும். வேலை தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று கேட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான். ஓம், சில பேர் நினைப்பார்கள். ஒரு கிழமை நினைப்பார்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டைத் திறந்து வைத்தது ஒரு சனிக்கிழமை காலை. கீழே கிராம நூலகம், மேலே பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாசிக்கிற அறை. ஊர்ச்சனம் எல்லாம் முன்னறையில் நெருக்கி நின்றார்கள். நான் மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தேன். தலைவி நாடாவை வெட்டிவிட்டு அந்தச் சின்னக் கதவைத் திறந்தா. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவ கையை நீட்டி மறித்துவிட்டு என் பக்கம் திரும்பினா.

"இடிக்கிற கடதாசியில கையெழுத்து வைக்க நான் பேனை எடுத்து வைச்சிருந்தனான்" என்றா, எல்லோருக்கும் கேட்கும்படியாக. "முதல்ல நீங்கள் ஏறுங்கோ."

கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, பக்கவாட்டில் ஏறினேன். ஒன்பது படி. மேலே தலை வெளியே வந்தபோது அறை முழுக்க வெயில். கீழே கைதட்டினார்கள். படிக்குள் அது பெரிய சத்தமாக ஏறி வந்தது. என் கணவர் மற்றப் படியால் முதலே மேலே வந்து நின்றார். என் தோளைப் பார்த்தார். கறுத்த சுவரில் உரசி, சேலையின் ஒரு பக்கம் முழுக்கக் கரி.

"ஐயோ, சேலை" என்று கைலேஞ்சியை எடுத்துத் தட்டிவிட வந்தார்.

"விடுங்கோ" என்றேன்.

ஊர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்தார். கரி பட்ட தோளை முன்னுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.